விண்மீன்களை ஆராய்ந்தவர், மக்களவையில் வினா தொடுத்தவர்

புதுதில்லி: 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி, தில்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்குச் சென்றுகொண்டிருந்த மக்களவை உறுப்பினர் ஒருவர் வழியிலேயே மாரடைப்பால் உயிர்நீத்தார். எக்கட்சியையும் சாராத அந்த உறுப்பினர், விண்மீன்களில் உள்ள தனிமங்களை அளந்தறிய உலகுக்கு வழிகாட்டிய இயற்பியல் அறிஞர் மேகநாத் சாஹா.

டாக்கா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1893-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை சிறு கடைக்காரர். வங்கப் பிரிவினைக்கு எதிரான கிளர்ச்சியின்போது ஆளுநர் வருகையைப் புறக்கணித்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். கல்கத்தாவில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தபோது, சாதியின் பெயரால் உணவுப் பந்தியில் ஒதுக்கப்பட்டார்.

வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப அணுக்கள் எந்த அளவுக்கு எலெக்ட்ரான்களை இழக்கும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை 1920-ல் வெளியிட்டார். விண்மீனின் நிறமாலையில் ஒரு தனிமத்தின் கோடு மங்கியிருப்பதாலேயே அத்தனிமம் அங்கு குறைவு என்று கொள்ள முடியாது. வெப்பநிலையும் காரணமாகலாம் என்பது அதனால் விளங்கிற்று. இச்சமன்பாட்டின் துணைகொண்டே 1925-ல் சிசிலியா பெய்ன், விண்மீன்களில் ஹைட்ரஜனும் ஹீலியமுமே மிகுதி என்று கண்டறிந்தார். இலேசான அணுக்களிலிருந்து கனமான தனிமங்கள் எவ்வாறு தோன்றின என்ற ஆய்வுக்கு அது அடித்தளமாயிற்று. காஸ்மிக் கதிர்களில் வந்துசேரும் அணுக்கருக்களின் மூலத்தைத் தேடுவோர் இன்றும் சூரியனில் உள்ள தனிம அளவுகளோடு அவற்றை ஒப்பிடுகின்றனர்.

ஆய்வுக்கூடத்தோடு சாஹா நின்றுவிடவில்லை. 1952-ல் கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் சுயேச்சையாகப் போட்டியிட்டு, காங்கிரஸ் வேட்பாளரைத் தோற்கடித்தார். அணுசக்தித் திட்டத்தை மூடியிருந்த ரகசியத் திரையை அகற்ற வேண்டும், பல்கலைக்கழகங்களுக்கும் அதில் பங்களிக்க வேண்டும் என்று வாதாடினார். அவரது முயற்சியால் 1954 மே மாதம் மக்களவையில் இது குறித்து விவாதம் நடைபெற்றது. ஆயினும் அவரது வாதம் ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமரின் நேரடிப் பொறுப்பில் அணுசக்தித் துறை அமைந்தது. ஹோமி பாபா அதன் செயலாளரானார்.

நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் சாஹா தலைமை வகித்தார். அக்குழு பரிந்துரைத்த சக ஆண்டு நாட்காட்டி, அவர் மறைந்து ஓராண்டுக்குப் பின், 1957 மார்ச் 22-ல் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசிதழில் அத்தேதி இன்றும் அச்சாகிறது. மக்கள் பணத்தில் நடைபெறும் அறிவியல் மக்களவைக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா என்ற அவரது கேள்விதான் இன்னும் முடிவுறாமல் நிற்கிறது.