யூஜின் பூடான்

யூஜின் பூடான் (ஜூலை 12, 1824 – ஆகஸ்ட் 8, 1898) பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஓவியர் ஆவார். கடற்கரை, துறைமுகம், மேகம் சூழ்ந்த வானம் ஆகியவற்றை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து புகழ்பெற்றார். திறந்த வெளியில் நின்று இயற்கையை நேரில் பார்த்து ஓவியம் தீட்டிய முன்னோடிகளுள் இவரும் ஒருவர். உணர்வுப்பதிவுவாத ஓவியர் குளோட் மொனெயை நிலத்தோற்ற ஓவியத்துக்குத் திருப்பியவர் இவரே.

இளமை

பூடான் நார்மண்டிப் பகுதியில் உள்ள ஓன்ஃபிளேர் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். தந்தை ஒரு மாலுமி. பூடானும் சிறுவனாக இருந்தபோதே கப்பலில் எடுபிடி வேலை செய்தார். 1835 இல் குடும்பம் செய்ன் ஆற்று முகத்துவாரத்தின் மறுகரையில் உள்ள லே ஆவர் நகருக்குக் குடிபெயர்ந்தது.

இருபதாம் வயதளவில் அங்கே எழுதுபொருட்களும் படச்சட்டங்களும் விற்கும் கடையொன்றைக் கூட்டாளியுடன் தொடங்கினார். அவ்வூருக்கு வந்து சென்ற ஓவியர்களின் படங்கள் கடையில் வைக்கப்பட்டன. மிய்யே, துரொயோன் போன்றோரின் அறிமுகம் இவ்வாறு கிடைத்தது. நிலையான வருமானம் தந்த இத்தொழிலை 22 ஆம் வயதில் கைவிட்டு முழுநேர ஓவியரானார். அதன்பின் நெடுங்காலம் வறுமையே துணையாயிற்று. 1851 இல் லே ஆவர் நகராட்சி பாரிசில் பயில மூன்றாண்டு உதவித்தொகை வழங்கியது. லூவர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் படியெடுத்தாலும், அவரது மனம் நார்மண்டிக் கடற்கரையிலேயே இருந்தது.

மொனெயுடனான நட்பு

1858 அளவில் லே ஆவரில் கேலிச்சித்திரம் வரைந்து விற்றுவந்த மொனெக்கு வயது 17. இருவரின் படங்களும் ஒரே கடையில் வைக்கப்பட்டிருந்தன. பூடானின் படங்கள் மொனெக்குத் தொடக்கத்தில் பிடிக்கவில்லை. உடன் வருமாறு பூடான் பலமுறை அழைத்தும் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தார். இறுதியில் ஒருநாள் இணங்கி, பூடான் வெளியில் அமர்ந்து வரைவதைக் கண்ட பின்னரே ஓவியம் என்றால் என்னவென்று தமக்கு விளங்கியதாக மொனெ பிற்காலத்தில் கூறியுள்ளார். பூடான் அன்று சலித்து விட்டுவிட்டிருந்தால் மொனெயின் வழி வேறாகியிருக்கக்கூடும்.

ஓவிய முறை

பூடானின் படங்களில் தொடுவானம் மிகத் தாழ்வாக அமையும். பரப்பின் பெரும்பகுதியை வானமே நிரப்பும். மனிதர்கள் சில தூரிகைத் தீற்றல்களாக மட்டுமே தோன்றுவர். முகம் தெரியாவிடினும் காற்றில் பறக்கும் ஆடை தெரியும். ஒளி மாறுவதற்குள் முடிக்க வேண்டியிருந்ததால் பல படங்கள் சிறிய மரப்பலகைகளில் வரையப்பட்டன. 1841 இல் காப்புரிமை பெற்ற உலோக வண்ணக் குழாய்கள் இவ்வாறு வெளியில் வரைவதை எளிதாக்கியிருந்தன. வானத்தைப் பற்றிய வண்ணக்கோல் ஆய்வுகளில் நாள், நேரம், காற்று ஆகியவற்றைக் குறித்துவைத்தார். 1859 இல் இவற்றைக் கண்ட கவிஞர் போதலேர் பெரிதும் பாராட்டினார். ஓவியர் கோரோ இவரை வானங்களின் அரசன் என்று அழைத்ததாகக் கூறப்படுகிறது.

1862 முதல் துரூவில் கடற்கரைக்கு ஓய்வெடுக்க வந்த செல்வந்தர்களை வரையத் தொடங்கினார். 1864 இல் வரைந்த 'நெருங்கும் புயல்' இன்று சிகாகோ கலை நிறுவனத்தில் உள்ளது. எனினும் 1867 இல் பிரித்தானியில் ஏழை உழைப்பாளர் நடுவே தங்கித் திரும்பியபோது இக்கூட்டம் அவருக்கு வெறும் வேடம்போலத் தோன்றியது. அதனை வரைந்து பிழைப்பது குறித்து வெட்கப்பட்டதாக நண்பருக்கு எழுதினார். இருந்தும் அப்படங்களுக்கே அவர் இன்று அதிகம் அறியப்படுகிறார்.

பிற்காலம்

1874 இல் பாரிசில் நடந்த முதல் உணர்வுப்பதிவுவாதக் கண்காட்சியில் பூடான் பங்கேற்றார். பின்னர் நடந்த ஏழு கண்காட்சிகளில் அவர் இல்லை. 1881 இல் வணிகர் துராண்ட்-ருயேல் படங்களை வாங்கத் தொடங்கிய பின்னரே பணக்கவலை நீங்கியது. 1889 இல் மனைவி மறைந்தார். அவ்வாண்டு பாரிசு உலகக் கண்காட்சியில் தங்கப்பதக்கமும், 1892 இல் பிரெஞ்சு அரசின் செவாலியே விருதும் கிடைத்தன. அதன்பின் வெனிசுக்குச் சென்று அந்நகரையும் வரைந்தார்.

1898 இல் நோயுற்ற நிலையில், கடலருகே இறக்க விரும்பித் தோவில் ஊருக்குத் திரும்பி அங்கேயே காலமானார். உடல் பாரிசின் மோன்மார்த்ரில் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டது. 1868 இல் அவரும் நண்பர் துபூரும் ஓன்ஃபிளேரில் தொடங்கிய அருங்காட்சியகம் இப்போது பூடானின் பெயரைத் தாங்கியுள்ளது.