தார் ரோட்டை விட்டு மணல்ல இறங்கிய மனுஷன்... ரால்ஃப் பேக்னால்டின் பாலைவன வாழ்க்கை!

கூகுள் மேப் இல்லை, ஜி.பி.எஸ் இல்லை, 4x4 கூட இல்லை. ஒரு சாதாரண ஃபோர்டு காரை வெச்சுக்கிட்டு, சஹாராவின் கிழக்குப் பக்கத்தில் யாரும் கார் ஓட்டத் துணியாத மணல் மலைகளைக் கடந்தவர் பேக்னால்ட். அவர் ஓட்டிய ஓட்டம் ஒரு போரின் போக்கில் கை வைத்தது. அதோட நிற்காமல் செவ்வாய் கிரகம் வரை போனது!

ஊருக்குக் கிளம்பும்போது மேப் ஆப் ரெண்டு ரூட் காட்டும். ஒண்ணு சுத்து வழி, ஆனா நல்ல தார் ரோடு. இன்னொண்ணு ஷார்ட் கட், ஆனா குண்டும் குழியுமான மண் பாதை. நமக்கு அதில் பெரிய ரிஸ்க் எதுவும் இல்லை. தப்பா தேர்ந்தெடுத்தா அரை மணி நேரம் லேட்டாகும், இல்லைன்னா டயர் பஞ்சராகும். அவ்வளவுதான்.

இதையே 1920-களின் எகிப்துக்குக் கொண்டுபோங்க. நைல் நதியை விட்டு மேற்கே நகர்ந்தால் லிபியப் பாலைவனம். கிணறுகளைத் தொட்டுத் தொட்டுப் போகும் ஒட்டகப் பாதைகள்தான் அங்கே மெயின் ரோடு. அந்தப் பாதையை விட்டு விலகினா, அடுத்த தண்ணீர் எத்தனை நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்குன்னு வரைபடத்திலும் இருக்காது. வண்டி நின்னா கதை முடிஞ்சது. அந்த இடத்தில்தான் பேக்னால்ட், தெரிஞ்ச பாதையை விட்டு விலகலாம்னு முடிவெடுத்தார். ஆனா கண்ணை மூடிக்கிட்டு எடுத்த முடிவு இல்லை அது. பேப்பரும் பென்சிலுமா உட்கார்ந்து கணக்குப் போட்டு எடுத்தது.

இன்ஜினீயர் வீட்டுப் பையன்

ரால்ஃப் ஆல்ஜர் பேக்னால்ட் 1896 ஏப்ரல் 3-ம் தேதி இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். அப்பா ராணுவப் பொறியாளர். சூடானின் கார்ட்டூம் நகரில் சிக்கிக்கொண்ட ஜெனரல் கார்டனை மீட்க 1884-85-ல் போன படையில் அவரும் இருந்தார். ஆக, நைல் நதிக் கதைகளும் கருவிகளும் இருந்த வீட்டில் வளர்ந்த பையன் ரால்ஃப். அக்கா ஈனிட் பேக்னால்ட், பின்னாளில் 'நேஷனல் வெல்வெட்' நாவலை எழுதிப் புகழ்பெற்றவர்.

முதல் உலகப்போரில் பிரான்ஸின் பதுங்குகுழிகளில் இருந்து உயிரோடு திரும்பிய ரால்ஃப், கேம்பிரிட்ஜில் இன்ஜினீயரிங் படித்தார். மறுபடியும் ராணுவம். 1926-ல் எகிப்துக்கு மாற்றலாகி வந்தார். கூட வேலை பார்த்த அதிகாரிகள் லீவு நாள்களை போலோ, பார்ட்டின்னு கழித்தபோது, இவரும் சில நண்பர்களும் பழைய ஃபோர்டு மாடல் டி கார்களை எடுத்துக்கொண்டு பாலைவனத்தைப் பார்த்துக் கிளம்பிவிடுவார்கள். சினாய், சீவா சோலை என்று ஆரம்பித்த வார இறுதி டிரிப்கள், கொஞ்சம் கொஞ்சமாக வரைபடத்தில் வெள்ளையாக விடப்பட்டிருந்த இடங்களை நோக்கி நீண்டன. இதற்கு அரசுப் பணம் கிடையாது. சொந்தக் காசு, சொந்த லீவு.

இடையில் இந்தியாவின் வடமேற்கு எல்லைப் பகுதிக்கு அவரைத் தூக்கியடித்தார்கள். அங்கிருந்தும் லீவு போட்டு எகிப்துக்குப் போய் பாலைவனத்தில் இறங்கினார் என்றால், அவருக்கு எவ்வளவு கிறுக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மணல் கடலுக்குள் கார்

எகிப்துக்கும் லிபியாவுக்கும் நடுவில் 'பெரும் மணல் கடல்' என்று ஒரு பகுதி இருக்கிறது. சுமார் 72,000 சதுர கிலோமீட்டருக்கு வெறும் மணல். வடக்கு தெற்காக, நூறு கிலோமீட்டர் கணக்கில் நீளும் மணல்மேடுகள் வரிசை வரிசையாக நிற்கும். கிழக்கிலிருந்து மேற்கே போகணும்னா ஒவ்வொரு வரிசையையும் ஏறி இறங்கணும். ஒட்டகங்களே சுத்திப் போகிற இடம் அது. காரில் போக முடியாது என்பதுதான் அப்போதைய பொதுவான எண்ணம்.

பேக்னால்ட் கவனித்தது ஒரு சின்ன விஷயம். மணல்மேட்டின் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. காற்று வந்து மோதுகிற சரிவில் மணல் நெருக்கமாகப் படிந்து கெட்டியாக இருக்கும். மறுபக்கம் செங்குத்தாகச் சரிந்து, கால் வைத்தாலே புதையும். கெட்டியான சரிவைப் பார்த்து, டயரில் காற்றைக் குறைத்து, தயங்காமல் முழு வேகத்தில் ஏறினால் வண்டி மேலே போகும். பாதியில் தயங்கி பிரேக் போட்டால் புதைஞ்சுடும். உச்சியில் வேகத்தை விட்டால் மறுபக்கம் குட்டிக்கரணம்!

1929-ல் எகிப்தின் கடைசி ஊற்றுகளில் ஒன்றான ஐன் டல்லா வழியாக மணல் கடலுக்குள் கார்களைக் கொண்டுபோய்ப் பார்த்தார். 1930-ல் மாடல் ஏ கார்களோடு இன்னும் ஆழம். 1932-ல் லிபியப் பாலைவனத்தின் கிழக்கு மேற்காக ஒரு நீண்ட பயணம். பதிவாகியிருக்கும் அப்படிப்பட்ட முதல் கடப்பு அதுதான். லண்டனின் ராயல் ஜியாக்ரஃபிகல் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியே ஆகணும். இவருக்கு முன்னாடி அந்த மண்ணில் யாருமே போனதில்லை என்று அர்த்தம் இல்லை. பெடூயின்களும் தெபு மக்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே வழி தெரிந்து நடந்தவர்கள். எகிப்தியரான அகமது ஹஸனைன் 1923-ல் ஒட்டகங்களோடு ஜெபல் உவைனாத் மலை வரை போய்வந்தவர். பேக்னால்ட் புதிதாகச் செய்தது, அந்த நிலத்தை மோட்டார் வண்டிக்குத் திறந்துவிட்டதுதான்.

உயிரைக் காப்பாற்றிய 4 ஐடியாக்கள்

பாதை இல்லாத பாதையில் போகணும்னா, ரோடு செய்கிற வேலையை எல்லாம் நீங்களே கூட எடுத்துக்கிட்டுப் போகணும். பேக்னால்ட் செய்தது அதைத்தான்.

*இரும்புத் தகடு:* முதல் உலகப்போரில் பதுங்குகுழிக்குக் கூரை போட உருவாக்கிய இரும்புப் பட்டைகளை கெய்ரோவின் பழைய சாமான் கடையில் பிடித்தார். புதைந்த சக்கரத்துக்கு முன்னால் மணலைப் பறித்து அதைப் போட்டால், அதுதான் தற்காலிக ரோடு. இன்னைக்கும் ஆஃப்ரோடு வண்டிகளின் பக்கவாட்டில் கட்டியிருக்கும் ரெக்கவரி போர்டுகளைப் பார்த்திருப்பீங்க. அதே ஐடியாதான்.

*சூரியத் திசைகாட்டி:* கார் முழுக்க இரும்பு. காந்தத் திசைகாட்டி அதுக்குப் பக்கத்தில் குழம்பிவிடும். அதனால், டிகிரி குறித்த ஒரு வட்டத்தட்டின் நடுவில் ஊசியை நிறுத்தி, அதன் நிழலை வைத்துத் திசை பார்க்கும் கருவியை உருவாக்கினார். சூரியன் நகர நகரத் தட்டைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கோடையில் உச்சி வெயில் நேரத்தில் நிழலே விழாது. அப்போது வண்டியை நிறுத்தி ரெஸ்ட். ராத்திரியில் நட்சத்திரங்களை அளந்து, எங்கே நிற்கிறோம் என்று சரிபார்த்துக்கொள்வார்கள்.

*தண்ணீர் சேமிப்பு:* ரேடியேட்டர் கொதித்தால் ஆவியாகி வீணாகும் தண்ணீரை, ஒரு குழாய் வழியாகப் பக்கத்தில் கட்டிய தண்ணீர் டப்பாவுக்குத் திருப்பினார். ஆவி அங்கே குளிர்ந்து தண்ணீராகும். இன்ஜின் ஆறியதும் அதே குழாய் வழியாக ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். குடிக்கிற தண்ணீரைக் கார் குடிக்காது!

*முன்கூட்டியே டிப்போ:* பெட்ரோல், தண்ணீர், சாப்பாடு மூன்றையும் வழியில் முன்கூட்டியே கொண்டுபோய் வைத்து, திரும்பி வந்து, பிறகுதான் முழுப் பயணம். எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைவிட, எங்கிருந்து திரும்ப முடியும் என்பதுதான் அவர் போட்ட கணக்கு.

கப்பல் மோதியது, கதை மாறியது

1935-ல் ராணுவத்திலிருந்து ஓய்வு. 1939-ல் இரண்டாம் உலகப்போர் வந்ததும் மறுபடியும் கூப்பிட்டு, கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். மத்திய தரைக்கடலில் அந்தக் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதியது. பழுதுபார்க்க எகிப்தின் போர்ட் சயீத் துறைமுகத்தில் நிறுத்த, பேக்னால்ட் நண்பர்களைப் பார்க்க கெய்ரோவுக்கு ரயில் ஏறினார். பாலைவனம் தெரிந்த ஆள் ஊருக்குள் வந்திருக்கிறார் என்ற செய்தி தளபதி வேவல் காதுக்குப் போனது. ஆமாம், பின்னாளில் இந்தியாவின் வைஸ்ராயாக வந்த அதே வேவல்தான். பேக்னால்டை எகிப்திலேயே நிறுத்திக்கொண்டார்.

அப்போது லிபியா இத்தாலியின் கையில் இருந்தது. துனீசிய எல்லையிலிருந்து எகிப்திய எல்லை வரை, கடற்கரை ஓரமாகச் சுமார் 1,800 கிலோமீட்டருக்கு ஒரு ஜம்முன்னு தார் ரோடு போட்டிருந்தார்கள். 1937-ல் முசோலினியே நேரில் வந்து திறந்துவைத்த சாலை. வயா பால்பியா என்று பெயர். போர் நடந்தால் இந்த ரோட்டை ஒட்டித்தான் நடக்கும் என்பது எல்லோருடைய கணிப்பு. தெற்கே இருக்கும் மணலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பேக்னால்ட் மட்டும் கவலைப்பட்டார். தெற்கிலிருந்து இத்தாலியர்கள் பாலைவனம் வழியாக வந்து நைல் நதியில் கைவைத்தால்? அதைக் கண்காணிக்கச் சின்னதாக ஒரு படை வேணும் என்று எழுதிக் கொடுத்தார். தலைமையகம் ஏற்கவில்லை. 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்த பிறகு, அந்தத் தாள் வேவல் மேஜைக்குப் போனது. உடனே அனுமதி. தயாராக 6 வாரம் அவகாசம்.

பழைய பாலைவன நண்பர்களைத் தேடிப்பிடித்தார். நியூசிலாந்து வீரர்களில் விருப்பம் உள்ளவர்களைச் சேர்த்தார். பலர் விவசாயக் குடும்பத்துப் பையன்கள். வண்டியைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள். ஷெவர்லே லாரிகளைப் பொறுக்கிச் சேர்த்து, கதவு, கூரையைக் கழற்றி எடை குறைத்தார். பூட்ஸில் மணல் நிறைந்துவிடும் என்பதால் காலுக்கு இந்தியாவின் வடமேற்கு எல்லை மக்கள் போடும் சப்பல். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் மூன்றரை லிட்டர் தண்ணீர். குடிக்க, சமைக்க எல்லாம் அதுக்குள்ளதான். இந்தப் படைதான் பின்னாளில் லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் என்று புகழ்பெற்றது.

1940 செப்டம்பரில், பத்து வருஷத்துக்கு முன் லீவில் ஓட்டிப் பார்த்த அதே மணல் கடலைக் கடந்து, லாரிகள் இத்தாலியர்களின் முதுகுப்பக்கம் போய் நின்றன. அந்தத் திசையிலிருந்து ஆள் வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. 1941 ஜனவரியில், சாட் நாட்டிலிருந்து வந்த பிரெஞ்சு வீரர்களோடு சேர்ந்து லிபியாவின் உள்ளே வெகுதூரத்தில் இருந்த முர்ஸுக் கோட்டை மீதும், அங்கிருந்த விமானத்தளம் மீதும் தாக்குதல். அதில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. பாலைவனப் பயணம் என்ற இளமைக்கால ஆசை, இப்போது ஆள்களைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும் பொறுப்பாக மாறியிருந்தது.

1941-ல் படைத் தலைமையைப் பழைய பயணத் தோழர் கை பிரெண்டர்காஸ்ட்டிடம் கொடுத்துவிட்டு விலகினார் பேக்னால்ட். ஆனால் அவர் போட்டுக்கொடுத்த வழி தொடர்ந்தது. 1942-ல் இந்தப் படையின் ஆள்கள் மணல் வழியாக வந்து, அதே பளபள தார் ரோட்டுக்குச் சில நூறு மீட்டர் தள்ளிப் படுத்துக்கொண்டு, ராத்திரி பகலாக அதில் போகும் டாங்கி, லாரிகளை எண்ணி ரேடியோவில் கெய்ரோவுக்கு அனுப்பினார்கள். நல்ல ரோட்டில் போனவர்கள் அத்தனை பேரும் கணக்கில் மாட்டினார்கள். பாதை இல்லாத வழியில் வந்தவர்கள் கண்ணில் படவே இல்லை.

மணல் ஏன் நடக்குது?

இவ்வளவும் ஒரு பக்கம். 1935-ல் ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்த இன்னொரு வேலைதான், அவர் பெயரை இன்று வரை நிற்கவைத்திருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில், பெரும்பாலும் தன் கையாலேயே ஒரு காற்றுச் சுரங்கத்தைக் கட்டி, அதற்குள் மணலைப் பறக்கவிட்டுப் பார்த்தார். மணல் தூசி மாதிரி மிதப்பதில்லை; தத்தித் தத்திப் போகிறது. ஒரு மணி குதித்து விழும்போது, தரையில் இருக்கும் மற்ற மணிகளை எகிறவைக்கிறது. தரையை உரசும் காற்றின் வலு கொஞ்சம் கூடினாலே, நகரும் மணலின் அளவு பல மடங்காகிறது. இதையெல்லாம் சமன்பாடுகளாக எழுதி, 1941-ல் புத்தகமாக வெளியிட்டார்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. பாலைவனத்தில் தார் ரோடு போட்டுவிட்டால் மட்டும் வேலை முடியாது. பிறைவடிவ மணல்மேடுகள் காற்றோடு சேர்ந்து நகரும், வழியில் இருக்கும் சாலையை விழுங்கும். ஒரு வருஷத்தில் எவ்வளவு மணல் எந்தத் திசையில் வரும் என்று கணக்கிட, சாலைப் பொறியாளர்கள் பிடித்துக்கொள்வது பேக்னால்ட் போட்ட அடித்தளத்தைத்தான். ரோடே இல்லாத இடத்தில் ஓட்டிக் கற்றுக்கொண்டது, ரோடு போடுகிறவர்களுக்குப் பாடமானது.

1944-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 50 வயதில் கல்யாணம், பிறகு ரெண்டு குழந்தைகள். ஆற்றில் மணலும் கல்லும் எப்படி உருண்டு போகின்றன என்று அமெரிக்க நிலவியல் துறையோடு சேர்ந்து ஆராய்ந்தார். 80 வயதைத் தாண்டிய பிறகு, 1977-ல், பூமியின் பாலைவனங்களையும் செவ்வாயின் பாலைவனங்களையும் ஒப்பிடும் மாநாட்டில் பேச நாசா அவரை அழைத்தது. 1990 மே 28-ம் தேதி, 94 வயதில் இறந்தார்.

மண் ரோடா, தார் ரோடா?

இன்று ஆஃப்ரோடு என்பது ரீல்ஸில் லைக் அள்ளும் விஷயம். பேக்னால்ட் வாழ்க்கையைப் பார்த்தால், ரோட்டை விட்டு இறங்குவதற்கு முன் அவர் எப்போதும் சில கேள்விகளுக்கு விடை வைத்திருந்தது தெரியும். வண்டி நின்னா என்ன செய்வேன்? தண்ணீர் எத்தனை நாளைக்கு? திரும்பி வர பெட்ரோல் இருக்கா? நான் எங்கே இருக்கேன்னு எனக்குத் தெரியுமா? நாலுக்கும் பதில் இருந்தால் மண் பாதை. ஒண்ணுக்கு இல்லைன்னாலும் அன்னைக்குக் கிளம்பக் கூடாது.

செவ்வாயில் கியூரியாசிட்டி ரோவர் 2015 கடைசியில் ஒரு மணல்மேட்டுக் கூட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. வேறொரு கிரகத்தில், இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் மணல்மேட்டை மனிதர்கள் அனுப்பிய ஒரு வண்டி கிட்டே போய் ஆராய்ந்தது அதுதான் முதல்முறை. அந்த மணல்மேடுகளின் பெயர் பேக்னால்ட் டியூன்ஸ். அங்கே மெயின் ரோடும் இல்லை, ஷார்ட் கட்டும் இல்லை. மணலைப் படிச்சுப் பார்த்து, சக்கரம் புதையாத இடமாகத் தேடித்தான் அந்த வண்டியும் போகிறது.