கடலில் மறைந்த டீசல்

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மேல்சித்தாமூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. சமண மடம் உள்ள ஊர். பார்சுவநாதர் கோவிலும் தேர்த் திருவிழாவும் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை.

அந்த ஊரில் ஒரு குடும்பம் கார் வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் கார் வாங்குவதா? டீசல் கார் வாங்குவதா? தந்தை ஒன்று சொல்வார். மகன் வேறொன்று சொல்வான். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டும் வேண்டாம் என்பார்.

இந்த வழக்கைத் தீர்க்க வேண்டுமானால் டீசலின் கதை தெரிய வேண்டும். டீசல் என்பது முதலில் எண்ணெயின் பெயர் அல்ல. அது ஒரு மனிதரின் பெயர்!

புத்தகம் கட்டுபவர் மகன்

ருடால்ப் டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர். தந்தை புத்தகம் கட்டுவார். தோல் சாமான்களும் செய்வார். அவற்றை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடால்பின் வேலை. ஓய்வு கிடைத்தால் பழைய எந்திரங்கள் வைத்திருக்கும் காட்சிசாலைக்கு ஓடிவிடுவான்.

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. பாரிசில் ஜெர்மானியர்கள் இருக்க முடியவில்லை. குடும்பம் லண்டனுக்கு ஓடியது. 12 வயது ருடால்பை மட்டும் ஜெர்மனியில் உள்ள ஆக்ஸ்பர்க் நகருக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அந்த உறவினர் ஒரு கணக்கு ஆசிரியர். பையன் நன்றாகப் படித்தான். அடுத்து மூனிச் நகரத் தொழிற்கல்லூரி.

அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் லிண்டே. குளிர்பதன எந்திரம் செய்து புகழ் பெற்றவர். நீராவி என்ஜினில் எரியும் கரியில் பெரும்பகுதி வீணாகிறது என்பதை டீசல் அவரிடம் படித்தார். 100 பங்கு கரியை எரித்தால் 10 பங்குகூட வேலையாக மாறுவது அபூர்வம். மீதி எல்லாம் வெறும் சூடாகப் போய்விடும். இந்த நஷ்டம் டீசலின் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. படிப்பு முடித்து, லிண்டேயின் கம்பெனியில் ஐஸ் எந்திர வேலை பார்த்தபோதும் அதே நினைவுதான்.

வெடித்தது என்ஜின்!

சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா? அடிக்க அடிக்கப் பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை நெருக்கினால் அது சூடாகும். டீசலின் யோசனைக்கு இதுதான் வேர். காற்றை மிக மிக நெருக்கினால், எண்ணெய் தானே தீப்பிடிக்கும் அளவுக்கு அது கொதிக்கும். அந்த நேரத்தில் எண்ணெயை உள்ளே பீச்சினால் போதும். பெட்ரோல் என்ஜினுக்கு வேண்டியது போல் தீப்பொறி வேண்டாம்.

1893-ல் இதற்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை நடந்தது. எண்ணெய் உள்ளே போனதுதான் தாமதம். டமார்! அழுத்தம் அளக்கும் கருவி தூள் தூளாகச் சிதறியது. டீசல் மயிரிழையில் தப்பினார்.

அவர் பயப்படவில்லை. உள்ளே தீப்பிடித்ததே, அதுவே வெற்றி என்று எண்ணினார். 1894 பிப்ரவரி 17-ந் தேதி என்ஜின் முதன் முதலாகத் தானே ஓடியது. ஓடியது ஏறக்குறைய ஒரு நிமிடம்தான்! இன்னும் 3 ஆண்டு பாடுபட்டார். 1897 பிப்ரவரி 17-ந் தேதி ஒரு பேராசிரியர் வந்து என்ஜினை அளந்து பார்த்தார். 100-க்கு 26 பங்குக்கு மேல் வேலையாக மாறியது. உலகம் வியந்தது.

இந்த என்ஜினுக்கு டீசல் என்றே பெயர் வைக்கச் சொன்னவர் அவர் மனைவி மார்த்தா என்பார்கள்.

மல்லாட்டை எண்ணெயில் ஓடியது

1900-ல் பாரிசில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே ஒரு சிறிய டீசல் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஊற்றியிருந்தது என்ன தெரியுமா? கடலை எண்ணெய்! நம் திண்டிவனம் பக்கம் மல்லாட்டை என்கிறோமே, அந்தக் கொட்டையின் எண்ணெய்தான். ஓட்டத்தில் வித்தியாசமே இல்லாததால் வந்தவர்களில் சிலரே அதைக் கண்டுகொண்டார்கள். ஆப்பிரிக்காவில் இருந்த தன் குடியேற்ற நாடுகளில் விளையும் கடலையை எரிபொருளாக்க முடியுமா என்று பார்க்க பிரெஞ்சு அரசு விரும்பியது. அதற்காகவே இந்த ஏற்பாடு.

திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்ற எழுத்தோடு வரும் கடலை ரகங்கள் அங்கே பிறந்தவை. மின்சாரம் வராத காலத்தில் அந்தக் கடலைக்குக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக் கொடுத்த ஆயில் என்ஜினும் டீசல் வம்சம்தான்!

பணம் போனது

என்ஜினின் உரிமையை விற்று டீசல் கோடீசுவரரைப் போல வாழ்ந்தார். அமெரிக்க உரிமைக்கு மட்டும் 10 லட்சம் மார்க் கிடைத்தது. மூனிச் நகரில் மாளிகை கட்டினார். ஆனால் எண்ணெய்க் கிணறு, நிலம், மனை என்று போட்ட பணம் எல்லாம் கரைந்தது. ஒரு சொட்டு எண்ணெய்கூட வீணாகக் கூடாது என்று உழைத்தவர், தம் சொந்தப் பணத்துக்குக் கணக்கு வைக்கத் தவறிவிட்டார். வழக்குகளும் தலைவலியும் உடம்பைக் கெடுத்தன.

1913 செப்டம்பர் 29-ந் தேதி ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இங்கிலாந்துக்குப் பயணம். இரவு நண்பர்களோடு சாப்பிட்டார். காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறையில் ஆள் இல்லை. படுக்கை கலையவே இல்லை. மேல்தளத்தில் அவர் தொப்பியும் கோட்டும் மட்டும் இருந்தன.

10 நாள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் ஒரு பிணத்தைக் கண்டது. அதன் பையில் இருந்த சாமான்களை அவர் மகன் அடையாளம் காட்டினார். மனைவியிடம் விட்டுப்போன பெட்டியில் 20 ஆயிரம் மார்க் ரொக்கமும், கடன் காட்டும் பாங்குக் கணக்குகளும் இருந்தன. தற்கொலை என்றார்கள். கொலை என்றும் பேசினார்கள். இன்று வரை முடிச்சு அவிழவில்லை.

கார் வந்தது

டீசல் என்ஜின் வைத்த காரை டீசல் பார்க்கவே இல்லை. அவர் காலத்து என்ஜின் வீடு அளவு கனம். கப்பலுக்கும் தொழிற்சாலைக்கும்தான் பொருந்தும். 1936-ல் மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனி டீசல் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதை விரும்பி வாங்கியவர்கள் யார்? டாக்சிக்காரர்கள்! பெட்ரோல் கார் 13 லிட்டர் குடித்த தூரத்தை அது சுமார் 9 லிட்டரில் ஓடியது.

மேல்சித்தாமூர் குடும்பத்தின் வழக்குக்கு வருவோம். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கார் 15 கிலோமீட்டர் ஓடும். டீசல் லிட்டர் 92 ரூபாய், கார் 20 கிலோமீட்டர் ஓடும். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 ரூபாய் மிச்சம். ஆனால் டீசல் காரின் விலை 1 லட்சத்து 20 ஆயிரம் கூடுதல் என்றால்? அதை எடுக்க 60 ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். தினம் 150 கிலோமீட்டர் ஓட்டும் வாடகைக் கார்க்காரர் 400 நாளில் எடுத்துவிடுவார். திண்டிவனம் சந்தைக்கும் செஞ்சிக் கல்யாணத்துக்கும் போய் வந்து, சராசரியாக நாளைக்கு 20 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 8 ஆண்டு ஆகும்!

முன்பு டீசல் மிக மலிவு. 2014 அக்டோபரில் மத்திய அரசு விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. 2020 ஏப்ரலில் புகைக்கு பி.எஸ். 6 என்ற கடும் விதி வந்தது. மாருதி கம்பெனி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. புகையும் சாதாரணப் புகை அல்ல. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அறிவித்தது. இந்தக் கரியைப் பிடிக்கப் புதுக் கார்களில் வடிகட்டி இருக்கிறது. அது சுத்தமாக வேண்டுமானால் வண்டி கொஞ்ச தூரமாவது வேகமாக ஓட வேண்டும். தெருமுனை வரை போய்த் திரும்பும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். மாற்றினால் செலவு அதிகம்.

டீசலுக்கு இழுவை அதிகம். நிறையப் பேரையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு நாள்தோறும் நெடுந்தூரம் போகிறவர் தாராளமாக வாங்கலாம். மற்றக் குடும்பத்துக்குப் பெட்ரோல் காரே போதும் என்று தோன்றுகிறது.

பாரிசில் ஊற்றியது போல மல்லாட்டை எண்ணெயை ஊற்றிப் பார்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். எண்ணெய் பீச்சும் இந்தக் காலத்துக் கருவி மிக நுட்பமானது. கெட்டியான எண்ணெய் அதை அடைத்துவிடும். அதோடு, கடலை எண்ணெய் விற்கிற விலைக்கு அதைத் தாளிக்க ஊற்றுவதற்கே வீட்டில் யோசிக்கிறார்கள்.