கடலை வீட்டுக்குக் கொண்டு வந்தவர்

கண்ணாடித் தொட்டியில் கடல் நீர். அதற்குள் பூப்போல விரியும் கடல் சாமந்தி, பவழம், சின்னஞ்சிறு நண்டு. கடலையே காணாத மக்களும் இந்தக் காட்சியைத் தங்கள் வீட்டுக் கூடத்தில் காண வழி செய்தவர் பிலிப் ஹென்றி காஸ். அக்வேரியம் என்ற சொல்லைத் தம் நூலின் மூலம் எங்கும் பரப்பியவரும் அவரே.

குமாஸ்தா வேலை

காஸ் 1810ஆம் ஆண்டு ஏப்ரல் 6ந் தேதி இங்கிலாந்தில் வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை ஊர் ஊராகப் போய்ச் சிறிய உருவப்படங்கள் எழுதிப் பிழைத்தவர். வருமானம் போதவில்லை. பையன் 15 வயதிலேயே குமாஸ்தா வேலைக்குப் போனான். 17 வயதில் கப்பலேறி, வட அமெரிக்காவில் உள்ள நியூபவுண்ட்லாந்து தீவை அடைந்தான்.

பிறகு கனடாவில் விவசாயம் செய்தார், நஷ்டம். அமெரிக்காவில் அலபாமா பகுதியில் பள்ளி ஆசிரியரானார். அடிமைகள் பட்ட கொடுமையைப் பார்த்து மனம் கசந்தார். 1839ல் வெறுங்கையோடு தாயகம் திரும்பினார். போன இடமெல்லாம் பூச்சிகளையும் பறவைகளையும் கூர்ந்து கவனித்துப் படம் வரைந்து வைத்திருந்தார். அதுதான் அவர் தேடிய சொத்து. அதை வைத்தே புத்தகங்கள் எழுதிப் பிழைக்கத் தொடங்கினார். 1848ல் எமிலி என்ற எழுத்தாளரை மணந்தார். மறு ஆண்டு மகன் எட்மண்ட் பிறந்தான்.

ஓயாத எழுத்து வேலையால் காஸின் உடல்நிலை கெட்டது. கடற்காற்று வேண்டி, 1852ல் குடும்பத்தோடு டெவன் கடற்கரைக்குப் போனார். அங்கே பாறைக் குழிகளில் தேங்கி நின்ற கடல் நீர் அவர் வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

தண்ணீர் ஏன் கெடுகிறது?

கடல் நீரை மொண்டு வந்து, உயிர்களை அதில் விட்டால், சில நாட்களில் நீர் நாறிவிடும். உயிர்கள் பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவை விடுகின்றன. கழிவும் சேர்கிறது. கடலில் அலை இருக்கிறது. கிண்ணத்தில் ஏது?

1846ல் ஆனா தைன் என்ற சீமாட்டி டெவன் கரையிலிருந்து பவழங்களை லண்டனுக்குக் கொண்டு வந்தார். நீரில் காற்று கலக்க வேண்டுமே! திறந்த ஜன்னல் அருகே நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு அதை மாற்றி மாற்றி ஆற்றும்படி வேலைக்காரப் பெண்ணுக்கு உத்தரவு. பவழங்கள் பிழைத்தன. அந்தப் பெண்ணின் கைகள் பட்ட பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை.

இதற்கு எளிய வழியைக் காட்டியவர் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர். தொட்டியில் செடியும் இருந்தால், அது வெளிச்சத்தில் பிராணவாயுவைத் தரும் என்று 1850ல் அவர் விளக்கினார். அவர் முதலில் சோதித்தது நன்னீரில். காஸ் கடல் நீரில் பச்சைக் கடற்பாசியை வைத்துப் பார்த்தார். பலித்தது. 1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் வீடு திறக்கப்பட்டபோது, அதற்கு அவர் ஏராளமான கடல் உயிர்களைச் சேகரித்து அனுப்பினார்.

உப்புக் கணக்கு

கடலுக்குத் தொலைவில் இருப்பவர்கள் என்ன செய்வது? காஸ் கடல் நீரின் ரசாயன அளவுகளைப் படித்துப் பார்த்தார். 1854 ஏப்ரலில் தாமே கடல் நீர் தயாரித்தார். சமையல் உப்பு 3½ அவுன்ஸ், பேதி உப்பு ¼ அவுன்ஸ், மக்னீசியம் குளோரைடு 200 கிரெயின், பொட்டாசியம் குளோரைடு 40 கிரெயின். இவற்றை ஒரு காலனுக்குச் சற்றுக் குறைந்த தண்ணீரில் கரைத்தார். அவ்வளவுதான்!

உடனே உயிர்களை விட்டுவிடவில்லை. முதலில் பாசி படிந்த கல்லைப் போட்டு ஒரு வாரம் பொறுத்தார். பிறகுதான் கடல் சாமந்தியை விட்டார். ஆறு வாரம் கழித்தும் எல்லாம் நலமாக இருந்தன. இந்தப் பொறுமை இன்றும் தேவைப்படுகிறது. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். இது பின்னால் தெரிந்த உண்மை.

அவர் கணக்கில் ஒரு குறையும் இருந்தது. மிகச் சொற்பம் என்று சுண்ணாம்புச் சத்தை விட்டுவிட்டார். பவழம் தன் கூட்டைக் கட்டுவது அதைக் கொண்டுதான். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் உண்டு. இன்று வீட்டில் பவழம் வளர்ப்பவர்கள் அதை அடிக்கடி அளந்து பார்த்து, குறைந்ததைச் சேர்க்கிறார்கள். நீர் ஆவியாகிக் குறைந்தால் மட்டும் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகாது; உப்பு நீரையே ஊற்றினால் உப்பு ஏறிவிடும்.

வந்தது மோகம்

அந்த ஆண்டே அக்வேரியம் என்ற காஸின் நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களைக் கண்டு மக்கள் சொக்கிப் போனார்கள். கண்ணாடி வரி 1845லேயே நீங்கி, கண்ணாடி மலிவாகி இருந்தது. ரயிலும் வந்துவிட்டது. பணக்கார வீடுகளில் தொட்டி வைப்பது நாகரிகமாயிற்று. உளியும் கூடையும் எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குப் போனார்கள். நீரைச் செய்துகொள்ளக் கற்றவர்களுக்கும் உயிர்கள் கடலிலிருந்துதானே வர வேண்டும்!

காஸுக்குப் புகழோடு துயரமும் வந்தது. 1857 பிப்ரவரியில் எமிலி புற்றுநோயால் இறந்தார். மகனுக்கு அப்போது 7 வயது. உலகப் படைப்பைப் பற்றி அதே ஆண்டில் அவர் எழுதிய ஒரு நூலை அறிஞர்கள் எள்ளி நகையாடினார்கள். மகனை அழைத்துக்கொண்டு டெவன் கரைக்கே குடியேறினார். இடுப்பளவு நீரில் நின்று பாறைகளைத் தடவித் தேடி, கடல் சாமந்திகளைப் பற்றிய பெரிய நூலை 1860ல் முடித்தார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே அந்தப் பாறைக் குழிகள் வெறுமையாகிவிட்டன. அவர் நூல்களைப் படித்து வந்தவர்களே அவற்றைச் சூறையாடிவிட்டார்கள். அது அவர் மனத்தை வாட்டியது. 1888 ஆகஸ்ட் 23ந் தேதி, 78ஆம் வயதில், அந்தக் கரையோரத்திலேயே காலமானார். சிறுவனாகத் தந்தையோடு அந்தக் குழிகளில் இறங்கிப் பார்த்த எட்மண்ட், எழுத்தாளராகி, 1907ல் தந்தையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தாம் கண்ட அந்த அழகை இனி எவரும் காணப் போவதில்லை என்று அதில் வருந்தியிருக்கிறார்.