வருஷத்துக்கு 12 வாரம் மட்டும் வேலை... 1892-லேயே ஒப்பந்தம் போட்ட பெண் டீன்! யார் இந்த ஆலிஸ் ஃப்ரீமேன் பால்மர்?

காலேஜில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு ஹாஸ்டலில் பிரச்னை. இல்லையென்றால் ஃபீஸ் கட்ட முடியவில்லை, உடம்பு சரியில்லை, வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வார்? இன்றைக்கு வார்டன் இருக்கிறார், மாணவர் நல டீன் இருக்கிறார், கவுன்சலிங் சென்டர் இருக்கிறது.

ஒரு காலத்தில் இப்படி எந்தப் பதவியும் கிடையாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவிகளுக்காகவே டீன் என்ற பதவி உருவானபோது, அதில் உட்கார்ந்த முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவர் ஆலிஸ் ஃப்ரீமேன் பால்மர்.

ஆனா அவர் கதையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கல்யாணம் ஆனதும் ஒரு பெரிய பதவியை விட்டுவிட்டுப் போனவர் அவர். ஐந்தே வருஷத்தில் இன்னொரு பெரிய பதவிக்குத் திரும்பி வந்தார், அதுவும் தன்னுடைய நிபந்தனையோடு. அது எப்படி நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

விவசாயக் குடும்பத்தின் மூத்த பெண்

1855 பிப்ரவரி 21-ம் தேதி, நியூயார்க் மாநிலத்தில் உள்ள கோல்ஸ்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தார் ஆலிஸ். அப்பா விவசாயி. நான்கு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர்.

ஆலிஸ் சிறுமியாக இருந்தபோது அப்பாவுக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை வந்தது. மருத்துவம் படிக்க வெளியூர் கிளம்பிவிட்டார். நிலத்தையும் நான்கு பிள்ளைகளையும் அம்மா தனியாகப் பார்த்துக்கொண்டார். ஒருவர் படிப்புக்குப் பின்னால் வீட்டில் இன்னொருவர் எவ்வளவு சுமக்க வேண்டியிருக்கிறது என்பதை ஆலிஸ் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டார்.

14 வயதில் அவருக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை அவர் படித்த பள்ளியிலேயே ஆசிரியர். ஆனா கல்லூரிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் ஆலிஸுக்கு வந்தபிறகு அந்த நிச்சயம் முறிந்தது.

வீட்டில் உடனே சம்மதம் கிடைக்கவில்லை. இருக்கிற பணத்தில் ஒரு பிள்ளையைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடியும், அது தம்பியாக இருக்கட்டும் என்பது பெற்றோர் கணக்கு. தம்பியைப் படிக்க வைத்து, தங்கைகளுக்கு ஒரு வழி செய்யும்வரை கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்று ஆலிஸ் வாக்குக் கொடுத்தார். அதன் பிறகே சம்மதம் கிடைத்தது.

தேர்வில் தோல்வி, ஆனாலும் அட்மிஷன்

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1870-ல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. 1872-ல் அங்கே போன ஆலிஸ் நுழைவுத் தேர்வில் தேறவில்லை. கிராமத்துப் பள்ளிப் படிப்பு போதவில்லை. அவரிடம் பேசிப் பார்த்த பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஏஞ்சல், நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று தேர்வாளர்களிடம் பரிந்துரைத்தார். விடுபட்ட பாடங்களைக் கல்லூரிப் படிப்போடு சேர்த்தே படித்து முடித்தார் ஆலிஸ்.

அந்தச் சமயத்தில் வெளியே என்ன பேச்சு ஓடியது தெரியுமா? 1873-ல் எட்வர்ட் கிளார்க் என்ற பாஸ்டன் டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். ஆண்களைப் போலவே பெண்களும் கடுமையாகப் படித்தால் அவர்கள் உடம்பு கெடும், பிள்ளை பெறும் சக்தி போகும் என்பது அவர் வாதம். புத்தகம் பரபரப்பாக விற்றது. கல்லூரிக்குப் போன ஒவ்வொரு பெண்ணும் இந்தப் பயமுறுத்தலையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது.

ஆலிஸுக்கு அதோடு வீட்டுக் கஷ்டமும் சேர்ந்துகொண்டது. அப்பாவுக்குப் பண நெருக்கடி வந்ததும், படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு இலினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊரில் உயர்நிலைப் பள்ளியை நடத்தப் போனார். சம்பாதித்து அனுப்பினார். திரும்பி வந்து 1876-ல் தன் வகுப்போடு சேர்ந்தே பட்டம் வாங்கினார்.

பிறகு சாகினா என்ற ஊரில் பள்ளித் தலைமை ஆசிரியை ஆனார். குடும்பத்தையும் அங்கேயே அழைத்துக்கொண்டார். கொடுத்த வாக்கை மறக்கவில்லை.

26 வயதில் கல்லூரிக்கே தலைவர்

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1875-ல் தொடங்கியது வெல்லஸ்லி பெண்கள் கல்லூரி. அதன் நிறுவனர் ஹென்றி டுரான்ட், ஆலிஸை மூன்று முறை வேலைக்கு அழைத்தார். கணக்கு சொல்லிக்கொடுக்க ஒரு முறை, கிரேக்கம் சொல்லிக்கொடுக்க ஒரு முறை. குடும்பச் சூழ்நிலையால் இரண்டுக்கும் ஆலிஸ் மறுத்துவிட்டார். 1879-ல் கடைசித் தங்கை இறந்துபோனார். அதே வருஷம் வரலாற்றுத் துறைத் தலைவராக வெல்லஸ்லிக்கு வந்தார்.

வந்த கொஞ்ச நாளில் நுரையீரல் நோய் தாக்கியது. ரத்தம் வந்தது. டாக்டர்கள் நம்பிக்கை தரவில்லை. ஆனாலும் மீண்டு வந்தார்.

1881 அக்டோபரில் டுரான்ட் காலமானார். கல்லூரியின் பொறுப்புத் தலைவராக ஆலிஸ் நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26. அடுத்த வருஷமே முழுத் தலைவர். நம்ம ஊர் கணக்கில் சொன்னால் பிரின்சிபால் பதவி.

அங்கே அவர் செய்தவற்றில் முக்கியமானவை:

- சேர்க்கைக்கான தரத்தை உயர்த்தினார். கல்லூரிக்குத் தயாரான மாணவிகளை அனுப்பும் பள்ளிகள் உருவாக உதவினார்.
- முக்கிய முடிவுகளில் துறைத் தலைவர்களும் பங்கெடுக்க ஒரு கல்விக்குழுவை அமைத்தார்.
- எல்லோரையும் ஒரே பெரிய கட்டடத்தில் அடைக்காமல், மாணவிகளும் ஆசிரியைகளும் சேர்ந்து வாழும் சின்னச் சின்ன விடுதி வீடுகளை வளர்த்தார். 1886-ல் திறந்த நோரம்பெகா என்ற விடுதியில் அவரே தங்கினார்.

மாணவிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர் வழக்கம். வீட்டுச் செய்தி, உடம்பு, பணக் கஷ்டம் எல்லாவற்றையும் விசாரிப்பார். மாணவர் நலத்துறை என்ற பெயரே இல்லாத காலத்தில் அந்த வேலையை அவர் செய்துகொண்டிருந்தார்.

பட்டம் பெற்ற பெண்களுக்கான சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் ஆலிஸ் உண்டு. அந்தச் சங்கம் 705 பட்டதாரிப் பெண்களின் உடல்நலத்தைக் கேட்டு அறிந்து, 1885-ல் முடிவை வெளியிட்டது. படிப்பால் உடம்பு கெடவில்லை என்று அதில் தெரிந்தது. டாக்டர் கிளார்க்கின் பயமுறுத்தலுக்கு எண்களில் வந்த பதில் அது.

கல்யாணமா, பதவியா?

ஜார்ஜ் ஹெர்பர்ட் பால்மர், ஹார்வர்டில் தத்துவப் பேராசிரியர். மனைவியை இழந்தவர். ஆலிஸைவிட 13 வயது பெரியவர். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டு, 1887 டிசம்பர் 23-ம் தேதி கல்யாணம் நடந்தது.

அதோடு வெல்லஸ்லி தலைவர் பதவியை ஆலிஸ் ராஜினாமா செய்தார். அப்போது அவருக்கு 32 வயது. புகழின் உச்சத்தில் இருந்தார்.

இந்த முடிவு பலரைக் கோபப்படுத்தியது. ஒரு கல்லூரியையே தூக்கி நிறுத்தியவர், ஒரு வீட்டுக்காக எல்லாவற்றையும் விடலாமா என்று கேட்டார்கள். கல்யாணம் ஆன பெண் கல்லூரித் தலைவராக இருப்பதா என்று நினைத்தவர்களும் உண்டு. இரண்டு பக்கத்து நியாயத்துக்கும் ஆலிஸ்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஹார்வர்டில் ஜார்ஜின் வேலை மட்டும் எந்தச் சிக்கலும் இல்லாமல் அப்படியே தொடர்ந்தது.

ஆனா ஆலிஸ் வீட்டோடு நின்றுவிடவில்லை. மாசசூசெட்ஸில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் குடித்தனம் நடத்திக்கொண்டே வெல்லஸ்லியின் அறங்காவலர் ஆனார். 1889-ல் மாநிலக் கல்வி வாரிய உறுப்பினர் ஆனார். ஊர் ஊராகப் போய்ப் பெண் கல்வி பற்றிப் பேசினார். கோடையில் மட்டும் பாக்ஸ்ஃபோர்ட் கிராமத்து வீட்டில் கணவரோடு ஓய்வு.

சிகாகோ அழைத்தது... ஆலிஸ் போட்ட நிபந்தனை

1892-ல் சிகாகோ பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. முதல் நாளில் இருந்தே ஆண், பெண் இருவருக்கும் இடம். அதன் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், ஜார்ஜ், ஆலிஸ் இருவரையுமே வேலைக்கு அழைத்தார். ஜார்ஜ் ஹார்வர்டை விட்டு வர மறுத்துவிட்டார்.

அப்போ ஆலிஸ்? ஏறக்குறைய 1,600 கி.மீ. தூரம். விமானம் கிடையாது, ரயில்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம். அல்லது குடித்தனத்தைப் பிரித்துக்கொண்டு போயிருக்கலாம்.

அவர் மூன்றாவதாக ஒரு வழியைக் கேட்டார். மாணவிகளுக்கான டீன் பொறுப்பை ஏற்பார். ஆனால் வருஷத்துக்கு 12 வாரம் மட்டுமே சிகாகோவில் தங்குவார். மீதி நாள் கேம்பிரிட்ஜ் வீட்டில். ஹார்ப்பர் ஒப்புக்கொண்டார்.

அவர் இல்லாத நாட்களில் மாணவிகளை யார் பார்ப்பது? அதற்கும் ஆலிஸிடம் பதில் இருந்தது. வெல்லஸ்லியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மேரியன் டால்பட்டைத் தன்னோடு சிகாகோவுக்கு அழைத்து வந்தார். வருஷம் முழுக்க அங்கேயே தங்கி வேலை பார்த்தவர் டால்பட்தான்.

முதல் வருஷம் ஹாஸ்டலே இல்லை!

மாணவிகள் வந்து சேர்ந்தபோது விடுதிக் கட்டடங்கள் முடியவில்லை. பியாட்ரிஸ் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில்தான் முதலில் தங்கவைத்தார்கள். அறை ஒதுக்குவது, சாப்பாடு, உடல்நலம், எந்தப் பாடம் எடுக்கலாம் என்ற ஆலோசனை, யாருக்குப் பண உதவி தேவை என்று பார்ப்பது... எல்லாம் இந்த இரண்டு பெண்கள் தலையில்.

சிகாகோ நகரத்துப் பணக்காரப் பெண்கள் நன்கொடை தந்தார்கள். கெல்லி, பீச்சர், ஃபாஸ்டர் என்று அவர்கள் பெயரிலேயே மகளிர் விடுதிகள் எழுந்தன. ஒவ்வொரு விடுதியையும் ஒரு வீடு போல, அங்கே வாழ்பவர்களே நடத்திக்கொள்ளும் முறை வந்தது.

பலன் சீக்கிரமே தெரிந்தது. ஆலிஸ் டீனாக இருந்த மூன்று வருஷத்தில், கால்வாசி அளவில் இருந்த மாணவிகளின் பங்கு பாதியை நெருங்கியது.

ஆனா அந்த வெற்றியே சிலருக்குப் பிடிக்கவில்லை. இது பெண்கள் கல்லூரியாகவே மாறிவிடுமோ என்று பயந்தார்கள். 1902-ல் சிகாகோ நிர்வாகம், முதல் இரண்டு ஆண்டு வகுப்புகளில் ஆண்களையும் பெண்களையும் பிரிக்க முடிவெடுத்தது. டால்பட் கடுமையாக எதிர்த்தார். அந்த ஏற்பாடு நீண்ட காலம் நிலைக்கவில்லை.

ஆலிஸ் அதற்கு முன்பே, 1895-ல், டீன் பதவியில் இருந்து விலகியிருந்தார். மூன்று வருஷம் இரண்டு ஊருக்கும் இடையில் அலைந்த பிறகு எடுத்த முடிவு அது. அந்த வருஷம் ஜார்ஜுக்கு ஹார்வர்டில் நீண்ட விடுப்பு. இருவரும் ஐரோப்பா கிளம்பினார்கள். சைக்கிளிலேயே பல ஊர்களைச் சுற்றினார்கள்.

47 வயதில் முடிந்த வாழ்க்கை

1902-ல் அடுத்த விடுப்பு வந்தபோது மறுபடி ஐரோப்பா பயணம். பாரிஸில் ஆலிஸுக்குத் திடீரென்று குடல் அடைப்பு ஏற்பட்டது. அறுவை சிகிச்சை செய்தும் காப்பாற்ற முடியவில்லை. டிசம்பர் 6-ம் தேதி காலமானார். வயது 47.

அவருடைய அஸ்தி வெல்லஸ்லி கல்லூரி வழிபாட்டுக் கூடத்தில் வைக்கப்பட்டது. அங்கே உள்ள நினைவுச் சிற்பத்தைச் செய்தவர் டேனியல் செஸ்டர் ஃப்ரெஞ்ச். வாஷிங்டனில் உள்ள புகழ்பெற்ற லிங்கன் சிலையை வடிவமைத்தவரும் இவர்தான். 1908-ல் ஜார்ஜ் தன் மனைவியின் வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார்.

இந்தக் கதை இப்போ எதற்கு?

வேலையையும் வீட்டையும் பேலன்ஸ் செய்வது எப்படி என்று சாதித்த பெண்களிடம்தான் கேட்கிறோம். ஏதோ அது அவர்களுடைய தனித் திறமை மாதிரி. ஆலிஸ் கதையைக் கூர்ந்து பார்த்தால் வேறு ஒன்று தெரியும்.

வெல்லஸ்லியில் இருந்த ஆலிஸும் சிகாகோவுக்குப் போன ஆலிஸும் ஒரே ஆள்தான். திறமை அதேதான். வெல்லஸ்லியில் எல்லாமே வேண்டும் அல்லது எதுவுமே வேண்டாம் என்ற நிலை. அதனால் ராஜினாமா. சிகாகோவில் வேலையின் அளவையே மாற்றிக் கேட்டார், நிர்வாகமும் மாற்றிக் கொடுத்தது. அதனால் வேலை, வீடு இரண்டும் நடந்தன.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த 12 வார ஏற்பாடு நடந்ததற்குக் காரணம், மீதி வாரங்களில் டால்பட் அங்கே இருந்தார். கல்யாணமே செய்துகொள்ளாத டால்பட் 1925 வரை சிகாகோவில் பணியாற்றினார். 1903-ல் மற்ற பல்கலைக்கழகங்களின் பெண் டீன்களைச் சிகாகோவில் ஒன்றுகூட்டியவரும் அவர்தான். ஆலிஸ் பெயர் சொல்லப்படும் இடத்தில் எல்லாம் டால்பட் பெயரும் சொல்லப்பட வேண்டும். ஆலிஸுக்குக் குழந்தைகள் இல்லை, கணவருக்கு நல்ல வேலை இருந்தது என்பதும் கணக்கில் சேரும்.

இன்றும் ராத்திரி 11 மணிக்கு ஹாஸ்டலில் இருந்து போன் வந்தால், தன் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுக் கிளம்பும் வார்டன்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து எப்படி மேடம் சமாளிக்கிறீங்க என்று கேட்பது சுலபம். இன்னொரு ஆள் போட்டுத் தரவா, வேலை நேரத்தை மாற்றித் தரவா என்று நிர்வாகம் கேட்பதுதான் உண்மையான உதவி. 1892-ல் ஒரு பல்கலைக்கழகம் அதற்கு ஒப்புக்கொண்டது. 130 வருஷம் கழித்தும் அது முடியாது என்று சொல்ல யாருக்கும் காரணம் இல்லை.