எம். ஆர். ஜேம்ஸ்

மொண்டேகு ரோட்ஸ் ஜேம்ஸ் (ஆகஸ்ட் 1, 1862 – ஜூன் 12, 1936) ஓர் ஆங்கிலேய எழுத்தாளரும் இடைக்கால வரலாற்று அறிஞரும் ஆவார். பேய்ச் சிறுகதைகளுக்காகப் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்த ஜேம்ஸ், மதகுருவான தந்தை பணியாற்றிய சஃபோக் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தார். ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்றார். 1905 முதல் 1918 வரை அக்கல்லூரியின் தலைவராகவும், பின்னர் இறக்கும் வரை ஈட்டன் பள்ளியின் தலைவராகவும் இருந்தார். கேம்பிரிட்ஜ் நூலகங்களின் இடைக்காலக் கையெழுத்துப் படிகளுக்கு இவர் தொகுத்த விளக்க அட்டவணைகள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.

பேய்க்கதைகள்

1893 அக்டோபரில் கேம்பிரிட்ஜ் நண்பர் குழுவொன்றில் தமது முதலிரு கதைகளை வாசித்தார். பின்னர் கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களைத் தம் அறையில் கூட்டி, ஒன்றைத் தவிர மற்ற மெழுகுவர்த்திகளை அணைத்துவிட்டுப் புதிய கதை வாசிப்பது வழக்கமாயிற்று. நண்பரான ஓவியர் ஜேம்ஸ் மக்பிரைட் இக்கதைகளுக்குப் படம் வரையத் தொடங்கி, நான்கை மட்டும் முடித்த நிலையில் 1904 இல் இறந்தார். வேறு ஓவியரை அமர்த்த ஜேம்ஸ் உடன்படவில்லை. அந்நான்கு படங்களுடனேயே முதல் தொகுதி அவ்வாண்டு வெளிவந்தது. 1931 இல் இவரது கதைகள் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டன.

கதைப் பாணி

இவரது கதைகளில் பழம்பொருள் தேடும் அறிஞர் ஒருவர், தொடக்கூடாத ஒன்றைத் தொட்டுவிடுகிறார். தேவாலயம், நூலகம், விடுதி, கடற்கரை போன்ற அமைதியான இடங்களே களங்கள். அச்சம் சிறு குறிப்புகளால் மெல்ல வளர்கிறது. பேயுரு ஒரு கணமே, அதுவும் அரைகுறையாகவே தென்படுகிறது. எஞ்சியதை வாசகரின் கற்பனை நிரப்பிக்கொள்கிறது. கோரமான வருணனைகள் பேய்க்கதையைக் கெடுத்துவிடும் என்பது இவரது கருத்து. ஏட்டுக் குறிப்புகள், இலத்தீன் வாசகங்கள் என இவரது ஆய்வறிவு கதைக்குள் கலந்திருப்பதால், கற்பனையும் நடந்த நிகழ்ச்சி போலத் தோன்றுகிறது.