42 ஆண்டு காத்திருந்த கணக்கு

அணுக்கருவில் இருந்து 2 புரோட்டான்கள் சேர்ந்தாற்போல் வெளியேற முடியும் என்று, யாரும் அதைப் பார்க்கும் முன்பே கணக்கிட்டுச் சொன்னவர் விட்டாலி கோல்தான்ஸ்கி. சோவியத் நாட்டின் புகழ்பெற்ற விஞ்ஞானி.

இளமை

1923-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி, இன்றைய பெலாரஸ் நாட்டில் உள்ள வீதெப்ஸ்க் நகரில் பிறந்தார். 1939-ல் லெனின்கிராடு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2 ஆண்டுகளில் ஜெர்மனி படையெடுத்தது. லெனின்கிராடு முற்றுகையிடப்பட்டது. போர் முடியும் முன்பே, 1944-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரசாயன அறிஞர் செமியோனவிடம் ஆராய்ச்சி பயின்றார். அவருக்கே மருமகனும் ஆனார்.

பிரியாத ஜோடி

புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அவற்றைக் கட்டிவைக்க நியூட்ரான்கள் துணை வேண்டும். சாதாரண இரும்பின் அணுக்கருவில் 26 புரோட்டான்களும் 30 நியூட்ரான்களும் இருக்கின்றன. நியூட்ரான்கள் மிகவும் குறைந்துபோனால் என்ன ஆகும்? அதைத்தான் கோல்தான்ஸ்கி ஆராய்ந்தார்.

அணுக்கருவில் புரோட்டான்கள், ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளைப்போல ஜோடி ஜோடியாக இருக்கும். ஜோடியைப் பிரிக்கச் சக்தி செலவாகும். ஆகவே சில அணுக்கருக்களில் இருந்து ஒரு புரோட்டான் தனியாக வெளியே போக முடியாது. ஆனால் இரண்டும் சேர்ந்து போக முடியும். 1960-ம் ஆண்டு, தமது 37-வது வயதில் இதை அவர் வெளியிட்டார்.

நீண்ட தேடல்

நிரூபிப்பது எளிதாக இல்லை. பெரிலியம், ஆக்சிஜன் போன்ற லேசான தனிமங்களில் இத்தகைய அணுக்கருக்கள், உண்டான கணமே சிதறிவிடுகின்றன. சற்றுக் கனமான அணுக்கருவில் மின்விசைத் தடுப்பு உயரமானது. அதனால் புரோட்டான்கள் சிறிது நேரம் உள்ளே நிற்கும். ஆனால் அந்த அணுக்கருவை உண்டாக்குவதே அரிது.

இதற்கிடையே கோல்தான்ஸ்கி வேறு துறைகளிலும் பெயர் பெற்றார். கடுங்குளிரிலும் ரசாயன மாற்றம் நடக்கும் என்று காட்டினார். அணுஆயுத ஒழிப்புக்காக விஞ்ஞானிகள் நடத்திய பக்வாஷ் இயக்கத்தில் முன்னின்றார்.

2001-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி மாஸ்கோவில் காலமானார். வயது 77.

வெற்றி

மறு ஆண்டே சேதி வந்தது. 26 புரோட்டான்களும் 19 நியூட்ரான்களும் மட்டுமே கொண்ட இரும்பு-45, 2 புரோட்டான்களை ஒருசேர வெளியிடுவதை ஜெர்மனியிலும் பிரான்சிலும் நடந்த சோதனைகள் காட்டின. அதன் ஆயுள், வினாடியின் ஆயிரத்தில் சில பங்குதான். கிடைத்த அணுக்கருக்களும் சொற்பமே.

2007-ல் போலந்து விஞ்ஞானிகள், அமெரிக்காவில் நடத்திய சோதனையில் அந்த 2 புரோட்டான்களின் தடத்தையும் படமாகவே பிடித்துவிட்டார்கள். ஒரே புள்ளியில் இருந்து கிளம்பும் இரண்டு கோடுகள்.

காகிதத்தில் அவர் போட்ட கணக்கு சரியாக இருந்தது. அதைக் கண்ணால் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.